கிரால் ஸ்பேஸுக்குள் தவழ்ந்து பார்த்து வாங்கிய வீடு

வட கரோலினாவின் கேரியில் நாங்கள் வாங்கிய வீட்டின் கிரால் ஸ்பேஸில், அதாவது தரைத்தளத்துக்கு அடியில் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய இடத்தில், இந்தக் கோடை முழுக்க ஈரப்பதம் 58 சதவீதத்தைத் தாண்டவில்லை. வாங்குவதற்கு முன், போன ஜூலையில், அதே இடத்தில் நான் அளந்தது 88. இடையில் என்ன பார்த்தோம், எதை அளந்தோம், எவ்வளவு செலவானது என்று எழுதி வைக்கிறேன். வட கரோலினாவில் வீடு தேடும் நம்மவர்கள் சமையலறை கிரானைட்டையும் பள்ளிக்கூட ரேட்டிங்கையும் அலசுகிற அளவுக்கு, தரைக்கு அடியில் இருக்கும் இந்த மூன்றடி இருட்டை அலசுவதில்லை. அதெல்லாம் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம்.

வீடு 1996-இல் கட்டியது. கீழும் மேலுமாக 2,400 சதுர அடி, ஆக அடியில் கிரால் ஸ்பேஸ் 1,200 சதுர அடி. சுற்றிலும் சிமென்ட் பிளாக் சுவர், அதில் 8-க்கு 16 அங்குல அளவில் 14 வென்ட்கள், அதாவது காற்று போய்வரும் திறப்புகள். வீட்டின் குறைகளைத் தெரிவிக்க விற்பவர் கொடுத்த டிஸ்க்ளோஷர் படிவத்தில் அஸ்திவாரம், தண்ணீர், கரையான் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் ‘நோ ரெப்ரசென்டேஷன்’ கட்டத்தில் டிக். இந்த மாநிலத்தில் அப்படி டிக் அடிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. அதைப் பார்த்து ‘பிரச்சினை இல்லை போல’ என்று நினைத்துவிடக் கூடாது. ‘என்னைக் கேட்காதே, நீயே பார்த்துக்கொள்’ என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீயே பார்த்துக்கொள்வதற்குத்தான் இங்கே ட்யூ டிலிஜென்ஸ் என்று ஒரு கெடு. ஆஃபர் ஏற்றுக்கொண்டதும் ஒரு தொகை நேரே விற்பவர் கைக்குப் போய்விடும். எங்களுக்கு 5,000 டாலர். வீட்டை வாங்கினால் விலையில் கழியும், வேண்டாம் என்று விலகினால் திரும்பி வராது. அந்தக் கெடுவுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம், பேரமும் பேசலாம். கெடு தாண்டினால் பிடி போய்விடும். அதனால் அளப்பது, கொட்டேஷன் வாங்குவது, பேசுவது எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

இன்ஸ்பெக்டருக்கு 575 டாலர் கொடுத்தோம். மேல் வீட்டைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருந்தார், கதவுப் பிடி தளர்ந்திருப்பது உட்பட. கிரால் ஸ்பேஸுக்கு மூன்றே வரி: ஈரம் அதிகம், காற்றோட்டம் போதாது, வென்ட்களை அதிகப்படுத்தத் தகுந்தவரை அணுகவும்.

காற்றோட்டம் போதுமா என்பதை வீட்டு மேஜையிலேயே கணக்குப் போடலாம். தரை வெறும் மண்ணாக இருந்தால் 150 சதுர அடிக்கு 1 சதுர அடி திறப்பு வேண்டும் என்பது கட்டட விதி. திறப்பு என்றால் வென்ட்டின் முழு அளவு கிடையாது. வலையும் தடுப்பும் போக மிச்சம். நம் வென்ட் ஒன்றுக்கு அது ஏறக்குறைய 50 சதுர அங்குலம்தான். 1,200 சதுர அடிக்கு 8 சதுர அடி, அதாவது 1,152 சதுர அங்குலம். 23 வென்ட் இருக்க வேண்டிய இடத்தில் 14. இன்ஸ்பெக்டர் சொன்னது சரி. ஆனால் அதே விதி, மண்ணை முழுக்க பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிட்டால் 1,500-க்கு 1 போதும் என்கிறது. அப்படிப் பார்த்தால் மூன்று வென்ட்டே தாராளம். ஒரே வீடு, ஒரு கணக்கில் ஒன்பது குறைவு, இன்னொரு கணக்கில் பதினொன்று அதிகம். வென்ட்டை எண்ணுவதில் இனி நேரம் செலவழிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

வெளியே முதலில்

உள்ளே போவதற்கு முன் வீட்டைச் சுற்றி வந்தோம். தேவைப்பட்டது பத்தடி நூல், அதில் மாட்டுகிற சின்ன ரசமட்டம், டேப். சுவரிலிருந்து பத்தடிக்குள் தரை ஆறு அங்குலமாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும். மூன்று பக்கம் பரவாயில்லை. பின்பக்க இடது மூலையில் மட்டும் நூலைக் கட்டிப் பார்த்தால் தரை இரண்டு அங்குலம் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தது. அதே மூலையில் கூரைத் தண்ணீரை இறக்கும் டவுன்ஸ்பவுட் குழாய், அடியில் தண்ணீரைத் திருப்பிவிடும் முழங்கை வளைவு இல்லாமல் சுவரோரம் நேராக நிற்கிறது. அந்தக் குழாய்க்கு வரும் கூரை ஏறக்குறைய 600 சதுர அடி. ஒரு அங்குல மழைக்கு 374 கேலன். அவ்வளவும் அஸ்திவாரத்தின் காலடியில். இங்கே மண் செம்மண் களி, உறிஞ்சாது. தேங்கி நின்று சுவரைத்தான் தேடும்.

சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. விற்பவர் அனுமதியோடு தோட்டத்து ஹோஸை அந்தக் குழாயடியில் வைத்து நிதானமாகத் திறந்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். இருபது நிமிடத்துக்குள் பிளாக் இணைப்பில் கறுப்பாக ஒரு கோடு இறங்கி, கொஞ்ச நேரத்தில் பளபளக்க ஆரம்பித்தது. மழைக்காகக் காத்திருக்க முடியாதவர்களுக்கு இந்தச் சோதனை போதும், காசும் இல்லை.

உள்ளே

என் கணவருக்கு முட்டி வலி. அதனால் நான்தான் இறங்கினேன். உடம்பை முழுக்க மூடும் டைவெக் உடுப்பு, நுண்தூசியை வடிகட்டும் பி-100 மாஸ்க், முட்டிக்கு பேட், கையுறை, தலையில் கட்டும் விளக்கு, கையில் இன்னொரு டார்ச், ஸ்க்ரூ டிரைவர், மரத்தின் ஈரம் அளக்கும் ஊசி மீட்டர் (42 டாலர்), லேசர் வெப்பமானி (28 டாலர்), சாக்பீஸ், போன். உள்ளே தண்ணீர் தேங்கி, பக்கத்தில் வயர் தொங்கினால் இறங்கவே கூடாது. கேஸ் வாடை வந்தாலும் அப்படியே. வெளியே ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். இந்த ஊரில் காப்பர்ஹெட் பாம்பும் கறுப்பு விதவைச் சிலந்தியும் விளையாட்டுப் பேச்சு அல்ல.

கதவைத் திறந்ததும் மக்கிய அட்டைப்பெட்டி வாடை. முதலில் வரவேற்றது கேமல் கிரிக்கெட் என்று சொல்லும் கூன்முதுகுச் சுவர்க்கோழிப் பூச்சிகள். வெளிச்சத்தைப் பார்த்து ஓடாமல் நம்மை நோக்கியே குதிக்கும். நான் கத்தியதில் அவர், “என்னம்மா, பாம்பா?” என்றார். “பாம்பு இல்லைங்க, பூச்சி. கதவை மட்டும் திறந்தே வைக்காதீங்க, அளவு தப்பாயிடும்” என்றேன். கிரிக்கெட் கூட்டமாக இருந்தால் இடம் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம், மீட்டரே தேவையில்லை.

தரையில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு, பாதிக்கு மேல் மூடியிருந்தது; மீதி செம்மண். விரிப்பை ஓர் ஓரமாகத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அது நல்ல சேதி, மண்ணிலிருந்து ஏறும் ஆவியை விரிப்பு பிடித்து நிறுத்துகிறது. விரிப்பின் மேலே தண்ணீர் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். ஏசி யூனிட் பக்கத்தில் அப்படி ஒரு குட்டை நின்றது, நாலைந்து அடி அகலத்தில்.

தலைக்கு மேல், தளத்தைத் தாங்கும் ஜாயிஸ்ட் மரச் சட்டங்களுக்கு இடையே செருகியிருந்த ஃபைபர்கிளாஸ் மெத்தை பல இடங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றைத் தொட்டதும் பொத்தென்று விழுந்தது, ஈரத் துணி கனம். விழுந்த இடத்துக்கு மேலே தளப்பலகையில் வெள்ளைப் பூஞ்சை விரல் தேய்த்தால் வந்தது. ஆணி முனைகள் எல்லாம் துரு. ஒரு ஆணியைச் சுற்றி மரத்தில் கறுப்பு வளையம் விழுந்திருந்தது. அது ஒரு கோடையில் வருவதில்லை.

ஊசி மீட்டரை மரத்தின் ரேகை ஓடும் திசையில் குத்த வேண்டும், அரை நிமிடம் விட்டுப் படிக்க வேண்டும். கதவுப் பக்கம் 15 சதவீதம், நடுவே 17, குளியலறைக்குக் கீழே 19, ஏசி பக்கம் 22, அந்தப் பின்மூலை ஓரச் சட்டத்தில் 26. எண்ணை அந்தந்த மரத்திலேயே சாக்பீஸால் எழுதிப் போட்டோ எடுத்துக்கொண்டேன். பின்னால் கான்ட்ராக்டரிடம் பேசும்போது அந்தப் போட்டோக்கள்தான் வாயாடின. 19-க்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பயமில்லை. 20-ஐத் தாண்டி மாதக்கணக்கில் நின்றால் மரம் மக்குவதற்கு வழி திறக்கிறது. பின்மூலையில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தியதும் வெண்ணெயில் இறங்குவதுபோல அரை அங்குலம் போயிற்று. பக்கத்துச் சட்டங்களில் முனைகூட ஏறவில்லை. சாக்பீஸ் கோடு போட்டு அளந்தேன்: கெட்டுப்போனது சுமார் ஆறடி நீளம்.

குளிர்காலத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரியில் இதே இடத்தில் மீட்டர் 12, 13 என்றுதான் காட்டியிருக்கும். வெளிக்காற்று அப்போது உலர்ந்தது. அந்த எண்ணை நம்பாமல் கோடை விட்டுப்போன தடயங்களைத் தேடுங்கள்: ஆணித் துரு, ஏசி காற்றைக் கொண்டுபோகும் டக்ட் குழாயைத் தாங்கும் தகரப் பட்டையில் துரு, தொங்கும் மெத்தை, பிளாக் சுவரில் உப்பு, தூண்களின் அடியில் கிடைமட்டமாக மண் கறை. அந்தக் கறையின் உயரம்தான் ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற உயரம்.

ஏசி பைப்பும் ஒரு பிளாஸ்டிக் கப்பும்

குட்டைக்குக் காரணம் தேட அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. கீழ்த்தளத்து ஏசியின் ஏர் ஹேண்ட்லர், அதாவது காற்றைக் குளிர்வித்துத் தள்ளும் பெட்டி, உள்ளேயே இருக்கிறது, இந்தப் பக்கத்து வீடுகளில் சகஜம். காற்றிலிருந்து அது பிழியும் தண்ணீர் முக்கால் அங்குல பிவிசி பைப்பில் சுவரைத் தாண்டி வெளியே போக வேண்டும். சுவருக்கு ஓரடி முன்னால் இணைப்பு கழன்று பைப் இரண்டாகப் பிரிந்திருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டு காய்ந்து கிடந்தது. நடந்துபோன இன்ஸ்பெக்டர் பைப் இருக்கிறது என்று டிக் போட்டிருக்கலாம். 16 அவுன்ஸ் கப்பை அடியில் பிடித்தேன். கால் மணி நேரத்தில் நிரம்பியது. மணிக்கு அரை கேலன், ஏசி ஓயாமல் ஓடும் ஜூலை நாளில் பத்துப் பன்னிரண்டு கேலன். வீடு தன் வயிற்றுக்குள்ளேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. சரிசெய்ய 22 டாலர் சாமான், அரை மணி வேலை.

பக்கத்திலேயே டக்ட் வியர்த்துச் சொட்டியது. அதன் மேல் உறை பளபளக்கும் ஃபாயில் என்பதால் லேசர் வெப்பமானி 74 என்று சும்மா காட்டியது. பளபளப்பான பரப்பு சுற்றுப்புறத்தைத்தான் பிரதிபலிக்கும். கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டு ஒன்றை ஒட்டி, சற்றுப் பொறுத்து அதன்மேல் அளந்தால் 61 டிகிரி ஃபாரன்ஹீட். இங்கே சொல்லும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்தான்.

ராத்திரி முழுக்க அளந்தது

போனில் படிக்கும் ப்ளூடூத் ஈரமானிகள் மூன்று வாங்கினேன், மொத்தம் 45 டாலர். வாங்கியதும் மூன்றையும் ஒரே டப்பாவில் ஒரு நாள் போட்டுவைத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. என்னுடையதில் ஒன்று 3 சதவீதம் கூடக் காட்டியது, கழித்துக்கொண்டேன். ஒன்றை வெளியே நிழலில் தொங்கவிட்டேன், ஒன்று கதவருகே, ஒன்று நடுவில். கதவருகே வைத்தது வீண். கதவு இடுக்கில் வரும் காற்றைத்தான் அளந்துகொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் வெளியே 90 டிகிரி, 55 சதவீதம். உள்ளே நடுவில் 74 டிகிரி, 88 சதவீதம். இதைப் பார்த்தால் யாருக்கும் தோன்றுவது, வெளியே உலர்ந்திருக்கிறது, உள்ளே ஊறிக்கிடக்கிறது, வென்ட்டைத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடு என்பதுதான். நானும் முதல் நாள் அப்படித்தான் பேசினேன். பிறகு ட்யூ பாயின்ட் என்கிற பனிநிலையை, அதாவது காற்றிலுள்ள ஆவி தண்ணீராகத் துளிக்கத் தொடங்கும் வெப்பநிலையை, போட்டுப் பார்த்தேன். ஈரமானியின் போன் செயலியே காட்டும், தனியாகக் கணக்கு வேண்டாம். வெளிக்காற்றின் பனிநிலை 72, உள்ளே 70. அதாவது சூடாக இருப்பதால் உலர்ந்ததுபோல் தெரியும் வெளிக்காற்றில்தான் தண்ணீர் அதிகம். அது வென்ட் வழியே வந்து 61 டிகிரி டக்டிலும், மேலே ஏசி குளிர்வித்த 69 டிகிரி தளப்பலகையிலும் பட்டால் வியர்க்காமல் என்ன செய்யும்? ராத்திரி முழுக்க வரைபடத்தில் உள்ளேயிருக்கும் கோடு வெளிக்கோட்டின் பின்னாலேயே ஏறி இறங்கியது. 23 வென்ட் இருந்திருந்தால் இன்னும் வேகமாக ஏறியிருக்கும்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய விசித்திரம் இல்லை. இதே மாநிலத்தில், 1999 ஃப்ளாய்ட் புயலில் மூழ்கிய பிரின்ஸ்வில் ஊரில் 12 வீடுகளை வைத்து, ராலேயிலுள்ள அட்வான்ஸ்டு எனர்ஜி நிறுவனம் ஆய்வு செய்திருக்கிறது. வென்ட் வைத்த கிரால் ஸ்பேஸ்களைவிட, வென்ட்டை அடைத்து மூடிய கிரால் ஸ்பேஸ்கள் கோடையில் உலர்ந்திருந்தன, குளிர்விக்கவும் சூடாக்கவும் ஆன மின்சாரமும் 15 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. நம்மூர்ப் புத்தி காற்று வந்தால் ஈரம் காயும் என்றுதான் சொல்லும், மொட்டை மாடியில் துணி காயப்போட்டு வளர்ந்தவர்கள் நாம். ஏசி போட்ட வீட்டுக்குக் கீழே அந்தப் புத்தி தலைகீழ்.

கொட்டேஷனும் பேரமும்

கரையான் அறிக்கைக்குத் தனியாக 110 டாலர். கரையான் இல்லை. பவுடர் போஸ்ட் வண்டின் பழைய துளைகள் சில, குண்டூசித் தலை அளவு. துளையிலிருந்து மாவு புதிதாக வெளுப்பாகக் கொட்டுகிறதா, பழுத்த நிறமா என்று பார்க்க வேண்டும். எங்களுடையது பழுத்திருந்தது.

மூன்று கம்பெனிகள் வந்தன. முதலாவது ஆள் கதவில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, ஒன்பது வென்ட்டும் ஒரு ஃபேனும் 1,900 டாலர் என்றார். அளந்த பிறகு இல்லாமல் அளப்பதற்கு முன் வந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்போம், விலையும் கவர்ச்சி. இரண்டாவது கம்பெனி முழுக்க மூடி, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபயர் வைத்து 14,200. டவுன்ஸ்பவுட் பற்றிப் பேச்சே இல்லை. மூன்றாவது ஆள் மூலைத் தண்ணீரைக் கண்டுபிடித்தார், ஆனால் அதை உள்ளே வரவிட்டு, சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, குழி தோண்டி, பம்ப் வைத்து வெளியே தள்ள 17,800 கேட்டார். வெளியே ஒரு முழங்கையும் பத்தடிப் பைப்பும் போட்டால் வராத தண்ணீருக்கு உள்ளே பம்ப் எதற்கு என்று கேட்டதற்கு, வாரண்டி அப்படித்தான் என்றார்.

சாக்பீஸ் போட்டோக்கள், கப், ஹோஸ் வீடியோ, ஈரமானி வரைபடம், கொட்டேஷன்கள் எல்லாவற்றையும் ஏஜென்ட் மூலம் அனுப்பி 9,000 கேட்டோம். விற்பவர் தரப்பு இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டில் இருப்பது வென்ட் மட்டும்தானே என்றது. மக்கிய ஓரச் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவர் நிற்கும் படம் போனதும் பேச்சு மாறியது. 6,500-க்கு முடிந்தது, வீடு கைமாறும் குளோசிங் அன்று கழித்துக்கொடுத்தார்கள். விற்பவரே செய்து தரட்டும் என்று விடலாமா என்று யோசித்தோம். விற்றுவிட்டுப் போகிறவர் மலிவாக முடிக்கத்தான் பார்ப்பார். பணமாக வாங்கியதே சரி.

செய்த வரிசை

தண்ணீர் முதலில், ஆவி பிறகு. டவுன்ஸ்பவுட்டுக்கு முழங்கை, நாலங்குலப் பைப்பில் தண்ணீரைச் சரிவுக்கு அப்பால் இறக்கினோம், மூலையில் களிமண் கொட்டி மட்டம் திருப்பினோம்: 340. ஏசி பைப் 22. மக்கிய சட்டத்தை வெட்டிப் புதிது வைக்கத் தச்சருக்கு 1,150. தொங்கிய மெத்தைகளை அகற்றி, பூஞ்சையைச் சுரண்டித் துடைக்க 1,400. நானே செய்யலாம் என்று முதலில் நினைத்தேன், இரண்டு மூட்டை கட்டியதும் அந்த எண்ணம் போயிற்று. 12 மில் தடிமன் (ஒரு மில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) விரிப்பு, வென்ட்களை நுரைப்பலகையால் அடைப்பது, சுவருக்கு நுரைப்பலகை, கூலி எல்லாம் சேர்த்து ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் 4,200. விரிப்பு ஒன்றன்மேல் ஒன்று ஆறு அங்குலம் ஏறி, டேப் ஒட்டியிருக்க வேண்டும். சுவரின் உச்சியில் மூன்று அங்குலம் மூடாமல் விட வேண்டும், கரையான்காரர் பார்ப்பதற்கு.

டீஹியூமிடிஃபயருக்கு 1,000 சதுர அடிக்கு நாளொன்றுக்கு 70 பைன்ட் என்பது கணக்கு. நமக்கு 84. 70 பைன்ட் இயந்திரம் போதாது. 90 பைன்ட் 1,350 டாலருக்கு வாங்கினோம். அதற்கு, மின்கசிவு வந்தால் தானே அணையும் ஜிஎஃப்சிஐ பிளக் போட எலக்ட்ரீஷியனுக்கு 310. கோடையில் பில்லில் ஏறியது மாதம் 20 டாலர் அளவு. மொத்தம் 8,772. விற்பவர் கொடுத்தது போக எங்கள் கையிலிருந்து 2,272.

மூடுவதற்கு முன் ஒன்று: உள்ளே கேஸ் ஃபர்னஸோ வாட்டர் ஹீட்டரோ இருந்து, அது எரிய உள்ளேயிருக்கும் காற்றையே இழுக்கிறது என்றால் வென்ட்டை அடைக்கக் கூடாது. முதலில் அதற்கு வெளியிலிருந்து காற்றுக் குழாய் வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாம் மின்சாரம், பிழைத்தோம். மூடிய பிறகு, மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானுக்கும் மறுபடி சோதனை செய்தோம், லிட்டருக்கு 2.1 பிகோக்யூரி வந்தது. 4-ஐத் தொட்டால் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான இபிஏ; 2-க்கும் 4-க்கும் நடுவே என்றால் யோசித்துப் பார்க்கச் சொல்கிறது.

அடுத்த முறை வீடு பார்த்தால், இன்ஸ்பெக்டருக்கு 575 கட்டுவதற்கு முன்பே கிரால் ஸ்பேஸில் நான் இறங்கிவிடுவேன். ஈரமானியையும் ஆஃபர் ஏற்ற அன்றைக்கே வைத்துவிடுவேன், ப்ளூடூத் வேண்டாம், வைஃபையில் அனுப்புவது. வரைபடத்தை இறக்க ஒவ்வொரு முறையும் விற்பவரிடம் நேரம் கேட்டுப் போய் நிற்க வேண்டியிருந்தது.

டீஹியூமிடிஃபயரை ஓட்டிய விதத்தையும் மாற்றுவேன். கான்ட்ராக்டர் அதை 45 சதவீதத்தில் வைத்துவிட்டுப் போனார், நாங்களும் சந்தோஷமாக விட்டுவிட்டோம். பல வருஷம் ஈரத்தில் ஊறி ஓரம் தூக்கியிருந்த ஹாலின் ஓக் தரை சட்டென்று காய்ந்து, டிசம்பரில் பலகைகளுக்கு நடுவே எட்டில் ஒரு அங்குலம் வரை இடைவெளி விட்டது. 65-இல் ஆரம்பித்து 60, பிறகு 55 என்று வாரக்கணக்கில் இறக்கியிருக்க வேண்டும். இப்போது 55-இல் ஓடுகிறது. ஜாயிஸ்ட்கள் 11-லிருந்து 13, புதிய ஓரச் சட்டம் 14. தரை இடைவெளி பாதிக்கு மேல் மூடிக்கொண்டது, சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மட்டும் மிதித்தால் கிரீச்சிடுகிறது. தரைக்காரர் ஒரு முழு வருஷம் போகட்டும், அதற்குள் இடுக்கை எதையும் போட்டு அடைக்காதீர்கள் என்றிருக்கிறார். அடைத்தால் அடுத்த கோடையில் பலகை உப்பும்போது போக இடம் இருக்காதாம்.